கம்பியா, காற்றலையா? செங்கோட்டைக் கணவாய் ஊர்களில் வீட்டு இணையமும் தொலைபேசியும் தேர்ந்தெடுப்பதற்கு முழுமையான வழிகாட்டி

பிரானூர் பார்டரில் மரக்கடைகளுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றால், இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள்: "அண்ணாச்சி, வீட்டுக்கு ஃபைபர் கம்பி இழுக்கவா, மாடியில் பெட்டி வைத்துக் காற்றில் வருகிற நெட்டை வாங்கவா?" முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொலைபேசிக் கம்பம் ஏறி இறங்கியவன் நான். அதனால் கம்பி என்றுதான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "ஆடி மாதம். சாரலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற இரவு. மின்சாரம் போய் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் எது வேலை செய்தே ஆக வேண்டும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தால் பாதி முடிவு ஆகிவிடும். விளம்பரப் பலகை வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நம் பகுதியில் வேகத்தைவிடப் பெரிய விஷயம், அழைப்பும் இணையமும் ஒரே நேரத்தில் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் தனித்தனி வழி வேண்டும். செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரைக்காரர்களுக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை ரப்பர் தோட்டங்களில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய செம்புக் கம்பி. தொலைபேசி நிலையத்திலிருந்து இரண்டு இழை வீட்டுக்கு வரும். அதில் 48 வோல்ட் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொலைபேசிக்கு வேண்டிய சக்தியை நிலையத்தின் மின்கலங்களே தருவதால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் மணி அடிக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே நான் அதை இன்னும் மதிக்கிறேன். ஆனால் இணையத்துக்கு அது ஏற்றதல்ல. நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குக் காகிதக் கணக்கில் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) வரை வரலாம். ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மழையில் இணைப்பு முடிச்சுகள் நனைந்தால் குரலில் கரகரப்பு வரும். இணையம் விட்டுவிட்டு வரும். செம்பைத் திருடுகிறவர்கள் ஒருபுறம், சாலை அகலப்படுத்தும் இயந்திரங்கள் ஒருபுறம் என்று பல ஊர்களில் அது மறைந்துகொண்டிருக்கிறது. இனிமேல் புதிதாகச் செம்பு இணைப்பு கேட்காதீர்கள். இருப்பதை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். முடியளவு மெல்லிய கண்ணாடியில் ஒளி ஓடுகிறது. பொதுவாக வீடுகளுக்குத் தரும் முறையில் ஒரு இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், அதாவது 2500 எம்பிபிஎஸ். வழியில் உள்ள பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் கண்ணாடியில் மின்சாரம் வராது. ஆகவே வீட்டில் உள்ள மோடத்துக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும். கம்பி வழித் தொலைபேசி என்றாலே மின்தடையில் வேலை செய்யும் என்று நம்பி ஃபைபருக்கு மாறியவர்கள் முதல் மின்தடையில்தான் இதை உணர்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றலை. இந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, சிம் போட்ட சிறிய கைப்பெட்டி அல்லது கைபேசி ஹாட்ஸ்பாட். இரண்டு, 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் தொடங்கிய ஏர்ஃபைபர் வகை: மாடியில் அலையைப் பெறும் பெட்டியான ஒரு வாங்கி, வீட்டுக்குள் ஒரு ரவுட்டர், நடுவில் ஒரு கேபிள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் வராது. 5ஜி டவரிலிருந்து அலைதான் வரும். மூன்று, உள்ளூர் நிறுவனங்கள் உரிமம் தேவைப்படாத 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் டவரிலிருந்து மொட்டை மாடிக்கு நேராகக் குறிவைத்துத் தரும் தட்டு. இதற்குக் கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு கட்டாயம் வேண்டும்.

கம்பியில்லாமல் வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும் தருவது நேற்று முளைத்த யோசனை அல்ல. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களிலேயே கார்டெக்ட் என்ற கருவியை உருவாக்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் தந்தது அது. இன்றைக்கு அந்த வேகம் மிகச் சிறியது. ஆனாலும் கம்பி எட்டாத கிராமத்துக்கு நம் ஊரிலேயே செய்த விடை அது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

முதல் படி: தேவையைக் காகிதத்தில் எழுதுங்கள்

வீட்டில் யார், எந்த நேரம், எதற்காக இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். தெளிவான காணொளிக் கூட்டத்துக்கு 3 எம்பிபிஎஸ் போதும். இரு திசையிலும் அது நிலையாக வர வேண்டும். தொலைக்காட்சியில் முழுத் தெளிவுப் படத்துக்கு 5 எம்பிபிஎஸ். இதை அளவாகக் கணக்கிடுங்கள்: 5 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிபி. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 9 ஜிபி, மாதத்துக்கு 270 ஜிபி. இரண்டு தொலைக்காட்சி, ஒரு வீட்டிலிருந்து வேலை, படிக்கிற பிள்ளை என்றால் 600, 700 ஜிபி எளிதாகத் தாண்டும். ஏர்ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 1000 ஜிபி என்ற எல்லை வழக்கம். பல ஃபைபர் திட்டங்களில் 3300 ஜிபி. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. தோட்டத்துக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்ப்பவர்கள் கவனியுங்கள். காற்றலை இணைப்பில் பல வீடுகள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் நேரடி இணைப்பு வேலை செய்யாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் கேமராதான் சரிப்படும். ஃபைபரிலும் பல இடங்களில் இதே நிலைதான். தனி முகவரி வேண்டுமென்றால் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

இரண்டாம் படி: கம்பி வரும் வழியை நடந்து பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. உங்கள் வீட்டிலிருந்து கம்பம் கம்பமாக ஃபைபர் வரும் பாதையில் நடந்து போங்கள். கேபிள் எங்கே மரக்கிளையில் உரசுகிறது, எங்கே மின்கம்பத்தில் தொங்குகிறது, எங்கே லாரி உயரத்துக்குத் தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நம்மீது கொட்டுகிற வேகம் தெரிந்ததே. ஆனி, ஆடியில் கிளை முறிந்து விழாத வாரமில்லை. புளியரைப் பக்கம் குரங்கும் அணிலும் கேபிளைக் கடிப்பதை எத்தனையோ முறை என் கையால் ஒட்டுப் போட்டுச் சரிசெய்திருக்கிறேன்.

பிறகு, அதே கம்பிவழியில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் மூன்று வீடுகளில் கேளுங்கள். "வேகம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் வந்து சரிசெய்தார்கள்?" என்று கேளுங்கள். ஒரே நாளில் ஆள் வருகிற 50 எம்பிபிஎஸ் இணைப்பு, ஒரு வாரம் கழித்து ஆள் வருகிற 300 எம்பிபிஎஸ் இணைப்பைவிட மேல். பல இடங்களில் பெரிய நிறுவனத்தின் பெயரில் இணைப்பு இருந்தாலும், ஏணியோடு வருகிறவர் உள்ளூர் கேபிள்காரர்தான். அவரிடம் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள், ஒட்டுப் போடும் இயந்திரம் சொந்தமா, இரவலா என்று விசாரியுங்கள்.

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 2023 ஜூன் 5 அன்று அந்த மாநில அரசு கே-ஃபோன் என்ற ஃபைபர் வலைப்பின்னலைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே கேபிள் செல்கிறது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. குளத்துப்புழை, தென்மலை தோட்டக் குடும்பங்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் தேடி வர மாட்டார்கள். கேபிள் ஆபரேட்டர்கள் சேர்ந்து நடத்தும் கேரளாவிஷனும் அந்தப் பக்கம் உண்டு. 691 என்று தொடங்கும் அஞ்சல் எண் இருந்தால்தான் இவை கிடைக்கும். 627 எண்ணில் இருக்கும் நமக்குக் கிடைக்காது.

மூன்றாம் படி: அலையை அளந்து பாருங்கள்

கைபேசியில் நான்கு கோடு தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் போய், கைபேசியைப் பற்றி என்ற பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அளவில் கழித்தல் எண்ணாகத் தெரியும். -80, -85 என்றால் மிக நன்று. -100 சுமார். -110ஐத் தொட்டால் வாங்காதீர்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: கூடத்தில், மாடியில், வீட்டின் மேற்கு மூலையில். மூன்று நேரங்களில் அளக்க வேண்டும்: காலை ஆறு மணி, நண்பகல், இரவு ஒன்பது மணி. இரவு ஒன்பது மணி வேகச் சோதனைதான் உண்மையான சோதனை. டவரின் திறனை ஊரே பங்கு போடும் நேரம் அது. காலையில் 150 காட்டியது இரவில் 12 ஆகக் குறைந்தால், அந்தப் 12தான் நீங்கள் பணம் கொடுக்கப்போகும் வேகம்.

மழை பெய்தால் 5ஜி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது நனைந்த இலை. டவருக்கும் உங்கள் மாடிக்கும் நடுவில் மாந்தோப்போ தேக்கோ இருந்தால், சித்திரையில் நன்றாக இருந்த இணைப்பு சாரல் தொடங்கியதும் தளரும். ஜியோ 5ஜிக்குப் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலை மரங்களையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும், தூரமும் போகும். ஆனால் அதில் வேகம் குறைவு. மேக்கரை போல மலை மடியில் இருக்கும் வீடுகளுக்கு மலையே சுவர். அங்கே மாடியில் நின்று டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் அருகிலுள்ள டவர்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காணலாம்.

எல்லை ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கைபேசி பலமான டவரைத் தேடிக் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குத் தாவிவிடும். இப்போது வழக்கமான திட்டங்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லாததால் காசு போகாது. ஆனால் வீட்டுக்கான காற்றலை இணைப்பு, பதிவு செய்த முகவரிக்கு மட்டுமே உரியது. மகள் வீடு புனலூரில் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நான்காம் படி: அழைப்பைத் தனியாக யோசியுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். எங்கள் தெருவில் ஓர் ஆச்சிக்கு இரவில் மூச்சுத்திணறல் வந்தது. பேத்தி கைபேசியில் ஆம்புலன்ஸுக்கு அழைத்தாள். கைபேசி மலைக்கு அப்பால் உள்ள டவரைப் பிடித்திருந்தது. அழைப்பு போய்ச் சேர்ந்தது கேரளக் கட்டுப்பாட்டு அறைக்கு. அவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று விளங்கவே சில நிமிடங்கள் போயின. கடைசியில் அடுத்த வீட்டுச் செம்புக்கம்பித் தொலைபேசியிலிருந்துதான் சரியான இடத்துக்குச் சொல்ல முடிந்தது. ஆச்சி பிழைத்தார். அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை.

ஆகவே வீட்டிலுள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: 112 அல்லது 108 அழைத்தால் முதல் வாக்கியமே "தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், செங்கோட்டை வட்டம்" என்று தொடங்க வேண்டும், நோயைப் பற்றி அதன் பிறகு. இதை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேல் ஒட்டிவையுங்கள். ஆரியங்காவில் இருப்பவர்கள் "கேரளா, கொல்லம் மாவட்டம்" என்று எழுத வேண்டும்.

ஃபைபர் இணைப்போடு தொலைபேசி எண்ணும் வரும். சாதாரணக் கருவியை மோடத்தின் பின்புறம் செருகிப் பேசலாம். 04633 என்ற குறியீட்டோடு இருக்கும் உங்கள் பழைய எண்ணை, அதே நிறுவனத்தில் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். நிறுவனம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி கைபேசிக்கு உண்டு, தரைவழித் தொலைபேசிக்கு இல்லை. வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைபேசிக்கு அழைக்கும்போது எண்ணுக்கு முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை. "போன் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்த பெரியவர்களில் பலருக்கு இந்தப் பூஜ்யம் மட்டும்தான் குறை.

வீட்டுக்குள் கைபேசி சிக்னலே இல்லாதவர்களுக்கு வைஃபை வழி அழைப்பு ஒரு வரம். கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால், அதே எண்ணில் வீட்டு இணையத்தின் வழியாகவே பேசலாம். ஆனால் இணையம் போனால் அதுவும் போகும். வாட்ஸ்அப் அழைப்பை அவசர உதவிக்கு நம்பவே கூடாது.

என் பரிந்துரை இதுதான். ஃபைபர் வாங்கினால், கையில் ஒரு நிறுவனத்தின் சிம்முக்குப் பதில் இரண்டு நிறுவன சிம்கள் வைத்திருங்கள். மலிவான பொத்தான் கைபேசியில் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். ஏர்ஃபைபர் வாங்கினால், அதே நிறுவனத்தின் சிம்மை மட்டும் நம்பாதீர்கள். டவர் ஒன்று படுத்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும்.

ஐந்தாம் படி: செலவை ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் 599 என்றிருந்தால் 18 சதவீத வரியோடு 706 ரூபாய் 82 காசு. பன்னிரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 8,482. அதோடு பொருத்தும் கட்டணம், வைப்புத்தொகை, மாடியிலிருந்து இழுக்கும் கூடுதல் கேபிள் ஆகியவற்றைச் சேருங்கள். ஓராண்டுப் பணத்தை முன்னதாகக் கட்டினால் பொருத்தும் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். நம் ஊரில் அதற்கு உடன்படாதீர்கள். ஒரு பருவமழைக்காலம் பார்த்த பிறகு ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம். ஐப்பசியில் ஓராண்டுப் பணம் கட்டிவிட்டு ஆனியில் தவித்த குடும்பங்களை நான் அறிவேன்.

ஆறாம் படி: பொருத்தும் நாளில் அருகிலேயே நில்லுங்கள்

ஃபைபர் என்றால், வந்தவரிடம் இழையில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் ஒளிமானியில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். பொதுவான வீட்டு மோடம் -27 டிபிஎம் வரை தாங்கும். ஆனால் முதல் நாளே -26 இருந்தால் அடுத்த மழைக்கே சிவப்பு விளக்கு சிமிட்டும். -15க்கும் -25க்கும் இடையில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்குள் கேபிளைத் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கும் சிறிய வளையமாகச் சுருட்ட விடாதீர்கள்; ஒளி அங்கே கசிந்துவிடும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாக இருக்கட்டும். சாரல் நீர் உள்ளே வராது.

ஏர்ஃபைபர் என்றால், மாடியில் வாங்கியை நான்கு திசையிலும் திருப்பிச் சோதித்த பிறகே திருகாணியை இறுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் ஏணி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எதிரே இருக்கும் தென்னங்கன்று மூன்று ஆண்டில் எங்கே நிற்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஏழாம் படி: மின்தடையும் இடியும்

மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். உள்ளே 2200 எம்ஏஎச் கொண்ட மூன்று கலங்கள் இருந்தால் மொத்தம் 24 வாட்-மணி. மோடம் 7 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் வரும். ஏர்ஃபைபரில் மாடிப்பெட்டியும் உள்ரவுட்டரும் சேர்ந்து இழுப்பதால் அதே கலம் சீக்கிரம் தீரும். பெரியதாக வாங்க வேண்டும். ஆனால் கேபிள்காரரின் அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, டவரில் டீசல் ஊற்றுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அந்த முனையில் மின்சாரம் போனால் உங்கள் யுபிஎஸ் என்ன செய்யும்?

இடியைப் பொறுத்தவரை, செம்புக் கம்பிதான் மிக ஆபத்து. மின்னல் அதன் வழியே உள்ளே வந்து கருவியை எரிக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் ஃபைபர் கேபிளோடு ஒட்டி ஒரு எஃகுக் கம்பி தாங்குதலுக்காக வரும்; அதை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வரக் கூடாது. மாடிப்பெட்டியிலிருந்து இறங்கும் கேபிளும் உலோகமே. ஐப்பசி மாலையில் மலைமேல் இடி முழங்கத் தொடங்கினால் அதன் மின்செருகியையும் கேபிளையும் கழற்றிவைப்பது நல்லது.

எட்டாம் படி: முதல் மாதமும் புகாரும்

முதல் முப்பது நாள் இரவு ஒன்பது மணி வேகத்தை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். இணைப்பு அறுந்தால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு விடாமல், புகார் எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் விதி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே உங்கள் நாட்காட்டிக் குறிப்பும் புகார் எண்களும்தான் பேசும்.

பழைய செம்புக் கம்பி இன்னும் உயிரோடு இருந்தால், புதிய இணைப்பு ஒரு தென்மேற்குப் பருவத்தையும் ஒரு வடகிழக்குப் பருவத்தையும் தாண்டும்வரை அதைத் துண்டிக்க வேண்டாம். குறைந்த வாடகைத் திட்டத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். துண்டிக்கும் நாளில் நிறுவனத்தின் மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதலில் கட்டிய வைப்புத்தொகை உங்களுடையது. பழைய ரசீது தொலைந்திருந்தாலும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துக் கேளுங்கள்.